‘தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது!’ - ஸ்க்ராட்ச் கார்டு, ஸ்டாம்ப், ஸ்ட்ரீக்... ஆப்கள் உங்களை விளையாட வைப்பது எப்படி?

டீக்கடையில் ஸ்கேன் பண்ணி 15 ரூபாய் அனுப்புறீங்க. ‘உங்களுக்கு ஒரு ரிவார்டு காத்திருக்கு’னு திரையில் ஒரு கார்டு எட்டிப் பார்க்குது. உள்ளே பெருசா ஒண்ணும் இருக்காதுனு உங்களுக்கே தெரியும். போன தடவையும் நீங்க கேள்விப்படாத ஏதோ ஒரு பிராண்டின் கூப்பன்தான் வந்தது. ஆனாலும் விரல் சும்மா இருக்காது. தொட்டுப் பார்த்துட்டுதான் டீயை எடுப்பீங்க.

அந்த இரண்டு விநாடி ஆர்வத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வடிவமைப்பு வேலை இருக்கு. வீடியோ கேமில் நம்மை உட்கார வைக்கும் பாயின்ட், லெவல், பேட்ஜ், பரிசுப்பெட்டி எல்லாத்தையும் கடைக்கும் ஆப்புக்கும் கொண்டு வர்றதுக்குப் பெயர் ‘கேமிஃபிகேஷன்’. இந்த வார்த்தையை 2002-ல் உருவாக்கியவர் நிக் பெல்லிங் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர். வார்த்தைதான் புதுசு, வித்தை பழசு. பபுள்கம் உறைக்குள் இருந்த கிரிக்கெட் கார்டுக்காக, மெல்லவே பிடிக்காத பபுள்கம்மை வாங்கிய 90’ஸ் கிட்ஸ் உங்க வீட்டிலேயே இருப்பாங்க. கேட்டுப் பாருங்க.

இந்த வித்தைகள் எப்படி வேலை செய்யுதுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் 2 ஸ்டாம்ப் இலவசம்!

அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2006-ல் அது வெளியானது. வாடிக்கையாளர்கள் 300 பேருக்கு ஸ்டாம்ப் கார்டு கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்த கார்டில் 8 கட்டங்கள். 8 முறை காரைக் கழுவினால் ஒரு முறை இலவசம். மீதிப் பேரின் கார்டில் 10 கட்டங்கள். ஆனால், அதில் 2 கட்டங்களில் ஏற்கெனவே ஸ்டாம்ப் குத்தியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. இரண்டு பேரும் கழுவ வேண்டியது 8 முறைதான். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஆனால், முதல் கூட்டத்தில் 19 சதவிகிதம் பேர் கார்டை முடித்தார்கள். ஓசியில் 2 ஸ்டாம்ப் வாங்கிய கூட்டத்தில் 34 சதவிகிதம் பேர் முடித்தார்கள்!

‘ஏற்கெனவே பாதையில் இறங்கிட்டோம், பாதியில விட வேண்டாமே’ என்ற எண்ணம்தான் காரணம். நீங்க ஒரு ஆப்பை இன்ஸ்டால் பண்ணின உடனே ‘வாழ்த்துகள், 100 காயின் உங்களுக்கு’னு வருதே... ‘உங்க புரொஃபைல் 40% முடிந்தது’னு ஒரு பச்சைக் கோடு தெரியுதே... அது இந்த 2 ஸ்டாம்ப்பின் தம்பிதான்.

நெருங்க நெருங்க வேகம்

வலைக்குள் ஓடும் எலி, தீனி இருக்கும் இடத்தை நெருங்க நெருங்க வேகமா ஓடும். கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் 1930-களிலேயே இதைச் சொன்னார். ‘10 காபி வாங்கினா ஒரு காபி இலவசம்’ கார்டு வைத்திருந்தவர்களை ஆய்வு செய்தபோது மனிதர்களும் அப்படித்தான்னு தெரிய வந்தது. முதல் காபிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில் இடைவெளி அதிகம். 9-க்கும் 10-க்கும் நடுவில் குறைவு. காபி மேல திடீர்னு காதல் வந்திடலை. கார்டு முடியப்போகுது, அவ்ளோதான்.

‘இன்னும் 1 ஆர்டர் பண்ணினா கோல்டு மெம்பர்’, ‘இன்னும் 49 ரூபாய்க்கு வாங்கினா டெலிவரி இலவசம்’ எல்லாமே இந்த ரகம். தேவையே இல்லாத ஒரு சிப்ஸ் பாக்கெட்டை கார்ட்டில் போட்டு, டெலிவரி சார்ஜை ‘மிச்சப்படுத்திய’ அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

என்ன வரும்னு தெரியாதது

ஒவ்வொரு முறையும் 2 ரூபாய் கேஷ்பேக் நிச்சயம்னு சொன்னா, ஒரு வாரத்தில் அதை மறந்துடுவோம். ‘0 முதல் 1,000 ரூபாய் வரை’னு சொன்னா? ஒவ்வொரு முறையும் திறந்து பார்ப்போம். பி.எஃப்.ஸ்கின்னர் என்ற உளவியலாளர் இதைக் கூண்டுக்குள் வைத்துப் பார்த்தார். எத்தனையாவது முறை தீனி விழும்னு கணிக்க முடியாதபடி செய்தபோதுதான், விலங்குகளும் பறவைகளும் விடாமல் முயற்சி செய்தன. சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் இதே விதியில்தான். 2017-ல் ‘தேஸ்’ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த கூகுள் பே, ஸ்க்ராட்ச் கார்டைக் கையில் எடுத்ததும் இதனால்தான்.

ரங்கோலி எங்கே?

2019 தீபாவளி ஞாபகம் இருக்கா? கூகுள் பேயில் அகல்விளக்கு, ஜிமிக்கி, பூ, லாந்தர், ரங்கோலினு 5 ஸ்டாம்ப் சேர்த்தால் 251 ரூபாய். முதல் நான்கும் சுலபமா வந்து குவிந்தன. ரங்கோலி மட்டும் வரவே இல்லை! ‘ரங்கோலி இருந்தா அனுப்புங்க’ என்ற மீம்ஸ்களால் இணையமே நிரம்பியது. வருஷக்கணக்கில் பேசாத நண்பனுக்குக்கூட மெசேஜ் போனது.

இங்கேதான் சூட்சுமமே. ஒரு செட்டில் 4 பொருளைத் தாராளமா கொடுத்து, 1 பொருளை மட்டும் அபூர்வமாக்கினால், எல்லோருக்கும் ‘கிட்டத்தட்ட ஜெயிச்சுட்டோம்’ என்ற நினைப்பு வரும். உண்மையில் அந்த ஒன்று கிடைக்காத வரை, மற்ற நான்குக்கும் மதிப்பே இல்லை. அமெரிக்காவில் 1987 முதல் மெக்டொனால்ட்ஸ் நடத்திய ‘மோனோபோலி’ விளையாட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டு மட்டும் கிடைக்கவே கிடைக்காது. அந்த அபூர்வத் துண்டுகளைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருந்தவரே திருடி, தெரிந்தவர்களுக்கு விற்றதும், 2001-ல் எஃப்.பி.ஐ கைது நடவடிக்கையில் இறங்கியதும் தனிக் கதை.

365 நாள் ஸ்ட்ரீக்

இதுவரை பார்த்தது கிடைக்கப்போவதைக் காட்டும் வித்தை. ‘ஸ்ட்ரீக்’ என்பது இருப்பதைப் பறிச்சிடுவோம்னு காட்டும் வித்தை. கையில் இருக்கும் 100 ரூபாய் தொலைந்தால் வரும் வலி, 100 ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிடப் பெரியதுனு டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-லேயே எழுதினார்கள். டுயோலிங்கோவில் 200 நாளாக ஸ்பானிஷ் படிக்கும் ஒருவர், நள்ளிரவு 11.50-க்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு பாடத்தை முடிப்பது ஸ்பானிஷுக்காக இல்லை. 200 என்ற அந்த எண்ணுக்காக. ஒரு நாள் தவறினால் அதைக் காப்பாற்ற ‘ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்’ என்று ஒன்றும் உண்டு.

இது தப்பா? மொழி கற்றுக்கொள்வது நீங்களே விரும்பிய விஷயம் என்றால், தப்பே இல்லை. சோம்பேறித்தனத்தைத் தள்ளிவிட ஒரு கை கிடைக்குது. ஆனால், அதே ஸ்ட்ரீக் ஒரு ஷாப்பிங் ஆப்பில் இருந்தால்? தினமும் உள்ளே வந்து பார்க்கணும் என்ற ஆசை உங்களுடையதா, அவர்களுடையதா? வித்தை ஒண்ணுதான். யாருடைய இலக்குக்காக விளையாடுறோம் என்பதுதான் வித்தியாசம்.

விளையாட்டு வினையானபோது...

1992-ல் பிலிப்பைன்ஸில் பெப்சி ‘நம்பர் ஃபீவர்’ என்ற போட்டியை நடத்தியது. பாட்டில் மூடிக்குள் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். அறிவிக்கப்படும் எண் வந்தால் 10 லட்சம் பெசோ வரை பரிசு. மே 25-ம் தேதி இரவு டி.வி-யில் ஓர் எண் அறிவிக்கப்பட்டது: 349. ஒரே பிரச்னை... தவறுதலாக அந்த எண் சுமார் 8 லட்சம் மூடிகளில் அச்சாகியிருந்தது.

ஏழை வீடுகளில் அன்று இரவு கோடீஸ்வரக் கொண்டாட்டம். மறுநாள், ‘பாதுகாப்புக் குறியீடு சரியில்லாத மூடிகள் செல்லாது’ என்றது நிறுவனம். ஆறுதலாக 500 பெசோ தருவதாகச் சொன்னது. போராட்டம் வெடித்தது. பெப்சி லாரிகள் தாக்கப்பட்டன. வெடிகுண்டு வீசப்பட்டு உயிர்களும் போயின. நிறுவனத்துக்கு அது ஒரு மார்க்கெட்டிங் ஐடியா. மூடியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது வீடு, பிள்ளைகளின் படிப்பு, கடன் தீர்வு.

அந்த ஒரு வரியின் கதை

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பரிசுப் போட்டி விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில், ‘இந்தச் சலுகை தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது’ என்ற வரியைப் பார்த்திருப்பீங்க. ‘நம்மள மட்டும் ஏன்டா ஒதுக்குறீங்க?’னு கடுப்பாகியும் இருப்பீங்க. காரணம், 1979-ம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம். பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் மாதிரியான முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. வாங்கும் எல்லோருக்கும் 10 சதவிகிதத் தள்ளுபடி என்றால் பிரச்னை இல்லை. ‘வாங்குங்க, அதிர்ஷ்டம் இருந்தா கார்’ என்றால் பிரச்னை. சுரண்டல் லாட்டரி எத்தனை குடும்பங்களைச் சுரண்டியதுனு உங்க தாத்தா, பாட்டி சொல்வாங்க. லாட்டரிக்கு 2003-ல் இங்கே தடை வந்தது.

இன்ஸ்டாவில் கம்மல், கேக், புடவைனு விற்கிறவங்களும் இதை மனசுல வெச்சுக்கங்க. ‘ஆர்டர் பண்ணினவங்கள்ல குலுக்கல் முறையில் ஒருத்தருக்கு கிஃப்ட்’ என்று போஸ்ட் போடும் முன்னால் ஒரு வக்கீலைக் கேட்டுடுங்க. அதைவிட, 6 ஆர்டருக்கு ஒரு கார்டு, முதல் ஸ்டாம்ப் உங்க பரிசு, கார்டை முடிக்கும் எல்லோருக்கும் ஒரே சலுகைனு நேர்மையா கொடுத்தாலே வாடிக்கையாளர் திரும்ப வருவார். கடைசி தேதி இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடுங்க.

சரி, நாம என்ன செய்யலாம்?

எல்லா ஆப்பையும் தூக்கிப்போடச் சொல்லலை. விளையாடும் முன் மூன்று கேள்விகள் போதும்.

1. இந்த காயின், பேட்ஜ், ஸ்க்ராட்ச் கார்டு எதுவுமே இல்லைனா, இந்தப் பொருளை இன்னைக்கு இந்த விலைக்கு வாங்குவேனா?

2. ஜெயிச்சா என்ன கிடைக்கும்னு ரூபாயில் சொல்ல முடியுமா? ‘500 காயின்’ என்பது 5 ரூபாயாகவும் இருக்கலாம். எங்கே செலவழிக்கலாம், எப்போது காலாவதியாகும் என்பதையும் பாருங்க.

3. ‘இன்னும் 9 நிமிடம் மட்டுமே’ என்று ஓடும் கடிகாரம் உண்மையா? ஆப்பை மூடிட்டு நாளைக்குத் திறந்து பாருங்க. அதே 9 நிமிடம் மறுபடி ஓடினா, பதில் கிடைச்சிடுச்சு. இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கூடவே, ரிவார்டு நோட்டிஃபிகேஷன்களை மட்டும் ஒரு வாரம் ஆஃப் பண்ணி வைங்க. அந்த வாரம் எத்தனை முறை அந்த ஆப்பைத் திறந்தீங்க, எவ்வளவு செலவு பண்ணினீங்கனு பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பாருங்க. முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டால், எத்தனை ஆர்டரைப் பசி போட்டது, எத்தனை ஆர்டரை அந்தப் பச்சைக் கோடு போட்டதுனு உங்களுக்கே தெரிஞ்சிடும்.