தீக்குச்சியை விற்பது எப்படி?

மாணவர்களே! வடசென்னையில் மெட்ரோ ரயிலில் போனால் 'விம்கோ நகர்' என்ற நிலையம் வருகிறது. திருவொற்றியூரை ஒட்டிய இந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்தது ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. 1923-ல் ஸ்வீடன் நாட்டுத் தீக்குச்சி நிறுவனம் நம் நாட்டில் தொடங்கிய 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற பெயரின் சுருக்கமே விம்கோ.

உங்கள் பள்ளியில் ஒரு போட்டி என்று வைத்துக்கொள்வோம். புதிய பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். கேட்பவர்கள் "சரி, வாங்கிப் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். பேச்சை எப்படி அமைப்பீர்கள்? தீக்குச்சியை வைத்தே கற்றுக்கொள்வோமா?

ஆண்டு 1855. பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்களின் பாதுகாப்புத் தீக்குச்சி அங்கே பதக்கம் பெற்றது. நீங்கள் அந்தத் தீக்குச்சியின் விற்பனையாளர் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரே ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

பேசுவதற்கு முன்பே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: 'பேச்சு முடிந்ததும் இவர் என்ன செய்ய வேண்டும்?' நூறு பெட்டி வாங்கி விற்றுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு உதவாத எதையும் பேச்சில் சேர்க்காதீர்கள்.

"ஐயா, பாஸ்பரஸுக்குப் பல வடிவங்கள் உண்டு" என்று தொடங்கினால் அவர் கொட்டாவி விடுவார். அது உங்களுக்குத் தெரிந்த விஷயம். அவருடைய கவலை அல்ல. அவருடைய கவலையிலிருந்து தொடங்குங்கள். அக்காலத் தீக்குச்சிகளின் முனையில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசினாலும் ஆபத்து. அதோடு அது கொடிய நஞ்சு. "உங்கள் கடையில் இது எத்தனை பெட்டி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து, தீர்வு. மூன்றே வாக்கியம் போதும். குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில் நஞ்சில்லாத சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்து உரசினால்தான் தீ.

பிறகு, நிரூபணம். குச்சியைச் சுவரில் உரசிக் காட்டுங்கள், சாதாரணமாகப் பற்றாது. பெட்டியில் உரசுங்கள், பற்றும். பத்து நிமிட விளக்கத்தைவிட இந்தப் பத்து விநாடிச் சோதனை வலிமையானது.

இப்போது அவர் மறுப்பு சொல்வார். அவர் சொல்லுமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். "விலை அதிகம்தான். பெட்டி இல்லாமல் பற்றாது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் குறைதானே இதன் பாதுகாப்பு!" குறையை மறைப்பவரை யாரும் இரண்டாம் முறை நம்புவதில்லை. கடைசியாக, முதலில் எழுதிவைத்த அந்த ஒரு வரியைக் கேளுங்கள்: "நூறு பெட்டி எடுத்துப் பாருங்கள்."

இது வெறும் வியாபாரத் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். குஸ்தாவ் எரிக் பாஷ் பாதுகாப்புத் தீக்குச்சிக்குக் காப்புரிமை பெற்றது 1844-ல். ஆனால் வெண் பாஸ்பரஸ் குச்சிகள் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் விற்பனையாயின! அவை மலிவு, எங்கும் பற்றும். அந்த ஆலைகளில் வேலை செய்தவர்கள் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தார்கள். அவர்களில் பலருக்குத் தாடை எலும்பே அழுகிப்போனது. குச்சியை வாங்கியவர்கள் அந்த முகங்களைப் பார்க்கவில்லை. 1906-ல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெண் பாஸ்பரஸ் குச்சிகளைத் தடைசெய்ய ஒப்பந்தம் செய்தன. நம் நாட்டில் 1913-ல் தடைச்சட்டம் வந்தது.

சிறந்த பொருள் தானாகவே வென்றுவிடும் என்பது தவறு என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? உண்மையைக் கேட்பவரின் மனத்தில் பதியும்படி ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். கண்ணில் படாத தொழிலாளியையும் அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

குச்சியின் மருந்து மட்டும் தீயாகாது. பெட்டியின் பக்கமும் வேண்டும். உங்கள் ஆதாரங்கள் குச்சி. கேட்பவரின் தேவை பெட்டி. அடுத்த போட்டிக்கு முன் உங்கள் பேச்சை வீட்டில் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். "எனக்கும் ஒன்று வாங்கி வா" என்று அவர் சொன்னால், குச்சி பற்றிக்கொண்டது என்று பொருள்!