டி அணுக்களின் நினைவும் தடுப்பூசியின் வடிவமைப்பும்

கொரோனாப் பெருந்தொற்றின் நாள்களில் நம்மிடையே ஓர் ஐயம் பரவலாக எழுந்தது. தடுப்பூசி போட்டுச் சில மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு குறைந்துவிடுகிறதே, அப்படியானால் பாதுகாப்பும் போய்விட்டதா என்பதே அது. இதற்கு விடை காண, எதிர்ப்பொருளுக்கு அப்பால் உள்ள டி அணுக்களை நாம் அறிந்துகொள்ளவேண்டும்.

எதிர்ப்பொருள்கள் வைரசின் புறப்பரப்பைப் பற்றிக்கொண்டு, அது உயிரணுவுக்குள் நுழையாவண்ணம் தடுக்கின்றன. நுழைந்துவிட்ட வைரசை அவை எட்டுவதில்லை. அப்பணி டி அணுக்களுடையது. தாக்குண்ட உயிரணு, வைரஸ் புரதத்தின் சிறு துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதனைக் கண்டறியும் கொல்லும் டி அணு, அந்த உயிரணுவையே அழித்துவிடும். இவ்வுண்மையை 1974இல் சிங்கர்நாகலும் டொஹர்ட்டியும் வெளிப்படுத்தி, 1996இல் நோபல் பரிசு பெற்றனர். உள்ளிருக்கும் புரதங்கள் கூர்முனைப் புரதத்தைப் போல் விரைந்து மாறுவதில்லை. ஆகவே 2021இறுதியில் ஓமிக்ரான் எதிர்ப்பொருள்களிடமிருந்து பெருமளவு தப்பியபோதும், டி அணுக்களின் பெரும்பகுதி அதனை இனங்கண்டது. கடும் நோய் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நினைவு எத்துணைக் காலம் நிலைக்கும்? 2003இல் சார்ஸ் நோயுற்று மீண்டோரைச் சிங்கப்பூரில் ஆராய்ந்தபோது, பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வைரசின் உட்புரதத்தை அறியும் டி அணுக்கள் காணப்பட்டன. 2020இல் வெளியான அவ்வாய்வு, அவ்வணுக்கள் புதிய கொரோனா வைரசின் உட்புரதத்தையும் இனங்கண்டதைக் காட்டியது.

எனினும் டி அணுக்கள் விழித்தெழுந்தாலே போதும் என்று கொள்ளலாகாது. இதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. அம்பத்தூர், மண்ணூர்பேட்டை முதலிய ஊர்கள் அந்நாளில் அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடத்திய அச்சோதனையில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஊசி பெற்றோரின் தோலில், டி அணுக்களின் விழிப்பைக் காட்டும் டியூபர்குலின் வினை நன்கு தோன்றியது. ஆயினும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. மண்ணிலும் நீரிலும் உள்ள ஒத்த நுண்ணுயிர்களின் முன்தொடர்பு இதற்குக் காரணமாகலாம் என்பர். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாப்பளிப்பதால், இன்றும் பிறந்த சிசுக்களுக்கு அது போடப்படுகிறது.

தவறான வகை டி அணு விழித்தால் தீங்கும் நேரும். 1966இல் அமெரிக்காவில், சிசுக்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் சுவாச வைரசுக்கெதிராகச் செயலிழந்த வைரஸ் ஊசி சோதிக்கப்பட்டது. பின்னர் இயல்பாகத் தொற்றுக்கு ஆளான சிசுக்களில் நோய் கடுமையாகி, இருவர் இறந்தனர். சுவாசப்பாதையில் அழற்சியைத் தூண்டும் துணை டி அணுக்கள் மிகுந்தது இதற்கு ஒரு காரணம் எனப் பின்னாளில் அறியப்பட்டது. இப்படிப்பினையை மறவாமல், முழு வைரசைக் கொண்ட கோவாக்சினில் நற்றுணை அணுக்களை ஊக்குவிக்கும் துணைப்பொருள் சேர்க்கப்பட்டது. அது 2021 சனவரியில் அவசரப் பயன்பாட்டுக்கு வந்தது. நுரையீரலிலும் மூக்கிலுமே நினைவணுக்களை நிறுத்தும் நோக்குடன், மூக்குவழி மருந்தும் 2022இல் இந்தியாவில் அனுமதி பெற்றது.

ஆகவே ஒரு பரிசோதனைத் தாளின் எண்ணைக் கொண்டு அஞ்சவோ, களிக்கவோ வேண்டியதில்லை. எந்த அணு, எவ்விடத்தில், எம்மக்களிடம் விழிக்கிறது என்பதை அம்மக்களிடையே ஆராய்ந்து காண்பதே தடுப்பூசியின் உரைகல் என்பதைச் செங்கல்பட்டு நமக்கு உணர்த்துகிறது.