தன்னை அடக்கும் அரசு

மாந்தர் கூடி வாழத் தொடங்கிய நாள்முதல் மூன்று காவல்கள் அவர்களைக் காத்துவருகின்றன. அரசு ஒன்று, அரசு நிலைநிறுத்தும் ஒழுங்கு இரண்டு, அவரவர் உள்ளத்தில் நின்று கையையும் நாவையும் தடுக்கும் அடக்கம் மூன்று. இவற்றுள் முதன்மையானது எது என்று அறிஞர் நெடுங்காலமாக வழக்காடி வந்துள்ளனர். அனைவரையும் அச்சத்தால் அடக்கவல்ல பேராற்றல் ஒன்று இல்லையேல் மாந்தர் வாழ்க்கை ஓயாப் போராகிவிடும் என்று ஆங்கில மெய்யியலாளர் தாமசு ஒப்சு 1651இல் எழுதினார். உள்ளம் திருந்திய மக்களுக்கு அரசே வேண்டியதில்லை என்று கூறிய அறவோரும் உளர்.

கடந்த அரை நூற்றாண்டில் குமுக அறிவியல் இவ்வழக்கை ஆய்வுக்கூடத்திலும் வயல்வெளியிலும் வைத்து ஆராய்ந்தது. அவ்வாய்வுகளிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. மாந்தருள் பெரும்பாலோர் அடக்கமுடையோரே. ஆயினும் பிறரும் அடங்கி நடப்பர் என்னும் நம்பிக்கை உள்ளவரையில்தான் அவர்தம் அடக்கம் நிலைக்கும். அந்நம்பிக்கையைக் காப்பதே அரசின் முதற்கடன். அதனைக் காக்கவேண்டிய அரசே அடக்கம் இழந்தால் குடிகளின் அடக்கமும் குலையும். கொழும்பில் வாழும் தமிழர்க்கு இது வெறும் ஏட்டறிவாகத் தோன்றாது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இவ்வுண்மையைத் தம் தெருக்களிலேயே கண்டவை.

அறியாதார் கூடி வாழும் நகர்

சிற்றூரில் ஒருவரை ஒருவர் அறிவர். களவு செய்தவன் யார் மகன் என்பதும், அவன் நாளை எவர் வீட்டு வாயிலில் நிற்கவேண்டியவன் என்பதும் ஊருக்குத் தெரியும். உறவும் நாணமும் அங்கே காவல் செய்கின்றன. நகரிலோ அயலார் பெயர்கூடத் தெரியாது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே அடுக்குமாடிகள் நெருங்கிய வெள்ளவத்தையில், ஒரே மின்தூக்கியில் நாள்தோறும் ஏறி இறங்குவோர் ஆண்டுகள் பல கடந்தும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் இயல்பு. கொட்டாஞ்சேனையிலும் அதனை ஒட்டிய கொச்சிக்கடையிலும் புனித லூசியா பேராலயம், தீபதுத்தாராமய விகாரை, பொன்னம்பலவாணேசுவரர் கோயில், புனித அந்தோனியார் திருத்தலம் ஆகியன நடந்தே சென்றடையும் தொலைவில் உள்ளன. மொழியாலும் வழிபாட்டாலும் வேறுபட்டோர் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ளுமிடத்தில் உறவும் நாணமும் மட்டும் போதா. எவர்க்கும் பொதுவான விதியும், அவ்விதியைச் சாய்வின்றிக் காக்கும் கையும் வேண்டும்.

1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கிச் சென்ற பௌத்தர் ஊர்வலத்திற்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. உயிரிழப்பும் நேர்ந்தது. ஒரு சமயத்தாரின் திருநாளன்று, அவர்தம் பேராலயத்தை அண்டிய தெரு வழியே மற்றொரு சமயத்தாரின் ஊர்வலம் எவ்வாறு செல்லலாம் என்பதற்கு முன்கூட்டியே உறுதியான ஏற்பாடு இருந்திருப்பின் அந்நாள் வேறாகியிருக்கும். கலவரத்தின்பின் பௌத்தர்களின் முறையீட்டை எடுத்துக்கொண்டு பிரம்மஞான சபைத் தலைவர் என்றி ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்றார். 1885 முதல் பௌத்தர்களின் திருநாளான வெசாக் அரச விடுமுறையாயிற்று. ஒடுக்குவதோடு அமையாமல் ஒருவரது உரிமையை ஏற்பதாலும் ஒழுங்கு பிறக்கும் என்பதற்கு இது சான்று.

கூட்டம் கலவரமாவது எவ்வாறு

அமைதியாய் வாழ்ந்தோர் ஒரே இரவில் தீவைப்போராய் மாறுவது எப்படி? அமெரிக்கக் குமுகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகின்றது. திடலொன்றில் நூறுபேர் நிற்பதாகக் கொள்வோம். முதலாமவன் எவர் துணையுமின்றிக் கல்லெறிவான். இரண்டாமவன் ஒருவர் எறிந்தால் தானும் எறிவான். மூன்றாமவன் இருவர் எறிந்தால் எறிவான். இவ்வாறே தொடர்ந்து, நூறாமவன் தொண்ணூற்றொன்பதுபேர் எறிந்த பின்னரே எறிவான். இந்நிலையில் முதற்கல் விழுந்ததும் ஒருவர்பின் ஒருவராக நூறுபேரும் கலகத்தில் இறங்குவர். இப்பொழுது இரண்டாமவனை மட்டும் சற்று அடக்கமுடையவனாக மாற்றுவோம்: இருவர் எறிந்தாலன்றி அவன் எறியான். கலகம் ஒருவனோடு முடிந்துவிடும். மற்றத் தொண்ணூற்றெண்மரும் முன்பிருந்தவரே. அவர்தம் இயல்பில் எள்ளளவும் மாற்றமில்லை.

இக்கணக்கு இரண்டு செய்திகளைப் புலப்படுத்துகின்றது. தனியொருவரின் அடக்கம் சிறிதெனத் தோன்றினும் ஊரையே காக்கும் வலிமை அதற்குண்டு. மேலும், முதற்கல் விழுந்த கணத்தில் அரசு என்ன செய்கின்றது என்பது எஞ்சியோர் அனைவரின் போக்கையும் தீர்மானிக்கும். முதல்வன் உடனே தடுக்கப்பட்டால் மற்றவர் தயங்குவர். காவலர் கைகட்டி நின்றால், தயங்கியோரும் அதனை இசைவாகக் கொள்வர்.

1983 யூலை 23ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் 13 படைவீரர் கொல்லப்பட்டனர். மறுநாள் அவர்தம் இறுதிச்சடங்கிற்காகப் பொரளைக் கனத்தை மயானத்தருகே திரண்ட கூட்டத்திடமிருந்து வன்முறை தொடங்கியது. 25ஆம் நாள் வெள்ளவத்தை உள்ளிட்ட பகுதிகளில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. காவலரும் படையினரும் பலவிடங்களில் பார்த்து நின்றதை நேரிற் கண்டோர் பதிவுசெய்துள்ளனர். ஊரடங்கு அன்று பிற்பகலில்தான் நடைமுறைக்கு வந்தது. தாக்க வந்தோர் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. குடிமகனின் உரிமைக்காக அரசு தொகுத்த ஏடு, அவனைக் கொல்ல வருவோர்க்கு வழிகாட்டியது. இக்கொடுமைக்குக் கூட்டத்தின் வெறியை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. ஒழுங்கமைத்த கைகள் அதன்பின் இருந்தன. வெலிக்கடைச் சிறையில், அரசின் நேர்க்காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் 25ஆம் நாளும் 27ஆம் நாளும் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட தமிழரின் மொத்தத் தொகையைச் சில நூறு என அரசும், மூவாயிரம் வரை எனப் பிறரும் மதிப்பிட்டனர். 28ஆம் நாள் நாட்டுக்கு உரையாற்றிய சனாதிபதி சே. ஆர். செயவர்த்தன, பாதிக்கப்பட்ட தமிழர்க்கு ஓர் ஆறுதற் சொல்லும் கூறவில்லை. அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்கப்பட்டது 2004இல், சனாதிபதி சந்திரிக்கா குமாரதுங்கவின் காலத்திலேயே.

அதே நாள்களில், தம் உயிருக்கும் இடர்வரும் என்று அறிந்தும், தமிழ் அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் பல. அறம் அன்று முற்றாக அழிந்துவிடவில்லை. ஆயின் அது வீட்டுக்கு வீடு தனித்து நின்றது. தனித்து நின்ற அறத்தால் சில உயிர்களைக் காக்க முடிந்தது. ஒரு நகரைக் காக்க முடியவில்லை. தன்னடக்கம் மட்டும் போதாது, அரசு வேண்டும் என்பதை அந்நாள்கள் கூறுகின்றன. அரசு என்னும் ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது, அது அறத்திற்கு அடங்கியதாகவும் இருத்தல் வேண்டும் என்பதையும் அவையே கூறுகின்றன.

பொதுநலத்தின் கணக்கு

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் எர்ன்சுட்டு பெர், சைமன் கெக்டர் என்னும் அறிஞர் நடத்திய ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. நால்வர் கொண்ட குழு. ஒவ்வொருவர் கையிலும் 20 பண அலகு. பொதுநிதியில் இடப்படும் ஒவ்வோர் அலகுக்கும் நால்வரும் ஆளுக்கு 0.4 அலகு பெறுவர். நால்வரும் முழுவதையும் இட்டால் ஒவ்வொருவர்க்கும் 32 கிடைக்கும். ஒருவர் மட்டும் தம் பணத்தைப் பதுக்கினால் அவர்க்கு 44, ஏனையோர்க்கு 24. எவரும் இடாவிடில் அனைவர்க்கும் பழைய 20தான். ஏமாற்றுவதில் தனியொருவர்க்கு ஆதாயமும், எல்லோரும் ஏமாற்றுவதில் எல்லோர்க்கும் இழப்பும் உண்டு. வரி, வீதி, குடிநீர், தூய்மை ஆகிய பொதுநலன்கள் அனைத்தும் இக்கணக்கில் அடங்கும்.

ஆய்வில் நிகழ்ந்தது எண்ணத்தக்கது. தண்டம் இல்லாதபொழுது, ஏமாற்றுவோரைக் கண்ட நல்லோரும் கையைச் சுருக்கினர். பொதுநிதி சுற்றுக்குச் சுற்று மெலிந்தது. ஏமாற்றியவர்க்குத் தண்டம் விதிக்கலாம் என்னும் விதி வந்ததும் பங்களிப்பு உயர்ந்தது. தண்டம் விதிப்போர் அதற்காகத் தம் பணத்தையும் இழக்கவேண்டும், இழந்தும் விதித்தனர். நேர்மை காக்கப்படவேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு அத்துணை ஆழமானது.

2008இல் வெளியான மற்றோர் ஆய்வு உலகின் 16 நகரங்களில் இதே சோதனையை நடத்தியது. சட்டத்தின் ஆட்சி வலுவாயுள்ள நாடுகளில் தண்டம் ஏமாற்றுவோரையே சேர்ந்தது. சட்டம் வலுவிழந்த நாடுகளில், மிகுதியாகப் பங்களித்த நல்லோரும் தண்டனைக்கு ஆளாயினர். நல்லவனாய் இருப்பதே இடராகும் நாட்டில் அடக்கம் எவ்வாறு வளரும்? தனியார் பழிவாங்குதல் பொதுத்தண்டமாக மாறி, அறிந்த விதிப்படி, நடுவுநிலையோடு வழங்கப்படவேண்டியதன் தேவை இங்கேதான் விளங்குகின்றது.

வரிசையில் நின்ற நாடு

வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அறிவித்தது 2022 ஏப்ரல் 12ஆம் நாள். அவ்வாண்டின் நடுப்பகுதியில் பெற்றோலுக்கான வரிசைகள் கொழும்பின் வீதிகளில் நீண்டுகொண்டே சென்றன. முச்சக்கர வண்டி ஓட்டுவோர் வண்டியிலேயே உறங்கினர். வரிசையில் நின்றபடியே உயிர்விட்டோரும் உளர். யூன் இறுதியில் இன்றியமையாச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு வரையறுத்தது. நாளை கிடைக்குமோ என்னும் ஐயம், இன்று தேவையில்லாதவரையும் வரிசைக்கு இழுத்தது. அவ்வச்சமே தட்டுப்பாட்டைப் பெருக்கியது.

யூலை இறுதியில் கியூஆர் குறியீட்டின் வழியான பங்கீடு வந்தது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் எனத் தொடக்கத்தில் அளவு வகுக்கப்பட்டது. அளவு சிறிது, பலர்க்கு, சிறப்பாக முச்சக்கர வண்டியால் பிழைப்போர்க்கு, அது போதவில்லை. ஆயினும் தன் பங்கு தனக்கு உண்டு, பிறர் மிகையாக எடுக்கமாட்டார் என்னும் உறுதி பிறந்தது. பதுக்கும் வேட்கை தணிந்தது, வரிசைகள் குறுகின. 2023 செப்டெம்பரில் அம்முறை விலக்கப்பட்டது. மக்கள் உள்ளம் ஒரே மாதத்தில் திருந்திவிடவில்லை; அடங்கி நடப்போர் ஏமாறமாட்டார் என்னும் நிலையை ஒரு நல்ல விதி உருவாக்கியது.

எல்லா விதியும் தலைநகரிலிருந்தே வரவேண்டுவதில்லை. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாமே கண்காணித்து, தவறியோரைப் படிப்படியாகத் தண்டித்து அதனைக் காக்க இயலும் என்று எலினோர் ஒசுட்ரோம் 1990இல் வெளியான தம் நூலில் நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே. அவர் எடுத்துக்காட்டியவற்றுள் நம் கல்லோயாவும் ஒன்று. 1956இல் தமிழர் கொல்லப்பட்ட பள்ளத்தாக்கு அது. 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் துணைநிற்க, அங்குள்ள இடதுகரை உழவர்கள் குழுக்களாய்க் கூடினர். வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்தனர். முறைவைத்து நீரைப் பகிர்ந்தனர். மேற்பகுதியில் சிங்கள உழவர் அடக்கத்தோடு பாய்ச்சிய நீர் கடைப்பகுதித் தமிழ் உழவர் வயலுக்கும் சென்றது. ஒழுங்கு நல்லதாயின் இன எல்லையைக் கடந்தும் நம்பிக்கை வளரும்.

அரசை அடக்குவது எது

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் உள்ளிட்ட தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்குதல் வரக்கூடும் என்ற எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தும் காக்கவேண்டியோர் காக்கவில்லை. பேராயர் மல்கம் ரஞ்சித் அடிகளார் உடனே பொறுமையை வேண்டினார். 2023 சனவரியில் உயர் நீதிமன்றம், இச்செயலின்மை மக்களின் அடிப்படை உரிமையை மீறியது எனத் தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டது. ஆட்சியில் இருந்தவரும் விதிக்குக் கீழ்ப்பட்டவரே என்று ஒரு நாட்டின் நீதிமன்றம் உரைக்கும்பொழுதுதான் குடிகளிடம் அடக்கத்தைக் கேட்கும் தகுதி அரசுக்கு வருகின்றது.

அரசை அடக்க நீதிமன்றம் உண்டு என்றால், குடிகளின் உள்ளத்து அடக்கத்திற்கு உடலிலேயே ஓர் இருக்கை உண்டு. விளைவை எண்ணித் தூண்டுதலைத் தடுக்கும் மூளையின் முன்புறப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ இருபத்தைந்து அகவை வரை செல்லும். கடும் அச்சத்தில் அதன் செயல் தளரும். ஆகவே அடக்கம் பயிற்சியால் வருவது. அச்சமற்ற சூழலில் வளர்வது. வரிசையைக் குலைக்காத தந்தையையும், கையூட்டு வாங்காத அலுவலரையும், இனம் பாராத காவலரையும் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு அது எளிதில் கைவரும்.

நாம் செய்யவேண்டியவை இவற்றிலிருந்து தெளிவாகின்றன. முதற்கல்லை எவர் எறிந்தாலும் அக்கணமே தடுக்கும் காவல்துறையை, அவரவர் மொழியிலேயே முறையிடக்கூடிய காவல் நிலையத்தை, ஆட்சியாளரையும் நிறுத்திக் கேட்கும் நீதிமன்றத்தை நாம் உரிமையோடு கேட்கவேண்டும். அயலவன் பெயரை அறிந்துகொள்ளுதல், வதந்தியைப் பரப்பாதிருத்தல், நம்மவர் தவறினும் தவறென்று சொல்லுதல் ஆகியவை நம் கடன். இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றுக்காகக் காத்திருக்கவிடலாகாது. அரசு திருந்தட்டும் என்று குடிகளும், குடிகள் அடங்கட்டும் என்று அரசும் காத்திருந்த காலத்தின் விலையை நாம் உயிர்களால் செலுத்தியிருக்கின்றோம்.