முகம் மாற்றும் லென்ஸ்

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் பிறந்தது செக்கோஸ்லோவாகியாவில். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்டோ விக்டர்லே என்ற வேதியியலாளர், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு வீட்டிலேயே செய்த கருவியில் அதை வார்த்தெடுத்தார். பொருள், பிஹீமா என்ற பாலிமர். நீரில் ஊறியபின் அதன் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம் தண்ணீர்தான்.

ஆனால் ஒரு விசித்திரம். உள்ளே இவ்வளவு நீர் இருந்தும், காற்றுப்பட்ட மேற்பரப்பில் துளி விட்டால் பரவாமல் திரண்டு நிற்கிறது!

1975-இல் ஹோலி, ரெஃபோஜோ என்ற இரு ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள். பிஹீமா சங்கிலியில் நீரை நாடும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் உண்டு, நீரை ஒதுக்கும் மெத்தில் தொகுதிகளும் உண்டு. நீருக்குள் இருக்கும்போது ஹைட்ராக்சில், ஹைட்ரஜன் பிணைப்பைத் தேடி வெளியே நீட்டிக்கொள்ளும். காற்றுப்பட்டதும் அது உள்ளே புதைய, மெத்தில் மேலே வரும். மேற்பரப்பு ஆற்றல் குறைகிற பக்கம் சங்கிலி புரள்கிறது, அவ்வளவுதான். இடையில் புகுந்த நீர் சங்கிலிகளைத் தளர்த்தியிருப்பதால் புரள்வதும் சுலபம்.

சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸில் தொல்லை கூடுதல். ஆக்சிஜனைத் தாராளமாக விடும் சிலிகோனுக்குக் கண்ணீர் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். ஆகவே தொடக்கத்தில் வந்த வகைகளின் மேற்பரப்பைப் பிளாஸ்மாவால் பக்குவப்படுத்த வேண்டியிருந்தது.

லென்ஸ் அணிபவர்கள் சானிடைசர் ஈரக் கையோடு அதைத் தொடாதீர்கள். ஆல்கஹால் பிஹீமாவுக்கு நீரைவிட நல்ல கரைப்பான், லென்ஸ் வீங்கிவிடும்.