பொறியும் பூட்டும் – 12: மூடிய பூட்டு மூடியபடி நிற்க

தானியங்கித் துப்பாக்கியின் போல்ட் முன்னே பாய்ந்து குழலின் பின்வாயில் மோதி நிற்கிறது. மோதிய வேகத்தில் அதைச் சுமந்துவரும் போல்ட் கேரியர் சில மில்லிமீட்டர் பின்னால் துள்ளுகிறது. ஸ்பிரிங் தள்ளுவதால் மறுபடி முன்னே வந்து அமர்கிறது. எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் தனியாகக் கேட்காது. அந்தச் சில மில்லிநொடிகளுக்குள்தான் சுத்தியும் விழுகிறது. சுத்தி விழும்போது கேரியர் தன் இடத்தில் இல்லையென்றால், அந்தத் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

போல்ட் தலை திரும்பி, அதன் காதுகள் குழலின் பின்னுள்ள பள்ளங்களில் மாட்டிக்கொள்வதும், அதைத் திருப்புவது கேரியர்தான் என்பதும் சென்ற வாரமே சொல்லப்பட்டவை. இந்த வாரத்துக்கு அது போதும்.

கையால் இழுத்துப் பூட்டும் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை கிடையாது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் ‘வித்வன்சக்’ கனரகத் துப்பாக்கி அப்படிப்பட்டது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுடுபவரே போல்ட்டை இழுத்து, தள்ளி, திருப்பிப் பூட்ட வேண்டும். கை தள்ளிய போல்ட் மோதித் துள்ளுவதில்லை. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரே ஒரு தோட்டா மட்டும் போகும் அரைத் தானியங்கிகளில் துள்ளல் உண்டு. ஆனால் அது தொல்லை தருவதில்லை. மனித விரல் அடுத்த முறை விசையை இழுப்பதற்குள் துள்ளல் அடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும்.

முழுத் தானியங்கியில் கணக்கு மாறுகிறது. நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும் துப்பாக்கி ஒரு சுற்றை 100 மில்லிநொடியில் முடிக்கிறது. 1,200 சுடும் இயந்திரத் துப்பாக்கிக்குக் கிடைப்பது 50 மில்லிநொடிதான். அதற்குள் பூட்டு திறந்து, காலிக்கூட்டை வெளியே எறிந்து, பின்முனை வரை போய்த் திரும்பி, புதுத் தோட்டாவை உள்ளே தள்ளி மறுபடி பூட்ட வேண்டும். சுத்தியை விடுவிப்பதும் இங்கே விரல் அல்ல. முன்னே வந்து சேரும் கேரியரே ஒரு நெம்புகோலைத் தட்டி விடுவிக்கிறது. ஆக, கேரியர் மோதும் நேரமும் சுத்தி கிளம்பும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. சுத்தி வந்து சேரும்போது கேரியர் துள்ளலின் நடுவில் இருக்கும்.

விளைவு இரண்டு விதம். கேரியர் கொஞ்சமே பின்வாங்கியிருந்தால், சுத்தி முதலில் கேரியரின் பின்பக்கத்தில் மோதி, தன் ஆற்றலின் பெரும்பகுதியை அதை முன்னே தள்ளுவதிலேயே செலவழித்துவிடும். தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு மிஞ்சுவது சொற்பம். அந்தத் தோட்டாவை எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் நடுவில் ஆழமான குழிக்குப் பதில் ஊசி தொட்டதுபோல ஒரு லேசான தடம் மட்டும் இருக்கும். மருந்தும் பிரைமரும் நல்லவை, அடிதான் போதவில்லை. தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தவரின் கையில் துப்பாக்கி சட்டென்று மௌனமாகிவிடுகிறது.

துள்ளல் பெரிதானால் கேரியர் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கத் தொடங்கலாம். 5.56 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல 3,500 மடங்குக்கும் மேல். பாதி திறந்த பூட்டின் மீது அது பாய்ந்தால் உடையப்போவது துப்பாக்கி மட்டுமல்ல. அதனால் நல்ல வடிவமைப்புகளில் கேரியர் போல்ட்டைத் திருப்பத் தொடங்கும் முன் சிறிது தூரம் வெறுமனே நகர இடம் விட்டிருப்பார்கள்; பூட்டு முழுவதும் மாட்டாதவரை ஃபயரிங் பின் பிரைமரை எட்டாதபடியும் செய்திருப்பார்கள். இந்த இரண்டு ஏற்பாடுகளால் இரண்டாவது ஆபத்து அரிதாகிவிட்டது. முதல் தொல்லைதான் பொறியாளர்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடவில்லை.

தப்பிக்கும் வழிகளில் எளியது, போல்ட்டைத் திறந்த நிலையிலிருந்தே விடுவித்துச் சுடுவது. இந்தியக் காவல்துறையினர் நெடுங்காலம் தோளில் மாட்டியிருந்த 9 மி.மீ. கார்பைன் இந்த வகை. அதன் ஃபயரிங் பின் போல்ட்டின் முகத்திலேயே அசையாமல் நிற்கிறது. போல்ட் முன்னே வந்து சேரும் வேகத்திலேயே பிரைமர் அடிபட்டுவிடும், துள்ளுவதற்கே நேரமில்லை. பூட்டே இல்லாத இந்த முறை 9 மி.மீ. போன்ற பலம் குறைந்த தோட்டாவுக்குத்தான் பொருந்தும். ரைஃபிள் தோட்டாவுக்குப் பூட்டு வேண்டும். பூட்டு வந்தால் துள்ளலும் வரும்.

இரண்டாவது வழி, சுத்தியைத் தாமதப்படுத்துவது. 1959இல் வந்த ஏ.கே.எம். ரைஃபிளில் ருஷ்யர்கள் சேர்த்த சிறு உறுப்பு இதைச் செய்கிறது. விடுபட்டுக் கிளம்பும் சுத்தியை அது வழியில் ஒரு கணம் பிடித்துவைத்துப் பிறகு போகவிடுகிறது. அந்தச் சில மில்லிநொடிகளில் கேரியர் துள்ளி அடங்கிவிடும். சுடும் வேகத்தைக் குறைக்க வந்த உறுப்பு என்றே பலர் இதை எழுதுகிறார்கள். வேகம் அதனால் குறைவது சொற்பம். கேரியர் அமரும் வரை சுத்தியைக் காக்கவைப்பதுதான் அதன் உண்மையான வேலை. திருச்சித் தொழிற்சாலை 7.62×39 தோட்டாவுக்குச் செய்த ‘டார்’ என்னும் திருச்சி அசால்ட் ரைஃபிள் இந்த ஏ.கே.எம். வழி வந்தது.

மூன்றாவது வழி, பிடித்து நிறுத்துவது. ஜெர்மனியின் ஜி-3 ரைஃபிளில் போல்ட் தலையைக் கவ்வும் ஒரு கொக்கி கேரியரில் உண்டு. முன்னே வந்து சேரும்போது ஸ்பிரிங்கின் பலத்தில் அது கவ்விக்கொள்ளும். துள்ளலின் சிறிய விசையால் அதை விலக்க முடியாது. தோட்டா வெடித்த பின் வரும் பெரிய விசை விலக்கிவிடும். எம்.ஜி.42 வழிவந்த இயந்திரத் துப்பாக்கிகளிலும் இதே நோக்கத்துக்கு ஒரு தடுப்பு உண்டு. அவற்றுக்கு 550 கிராம் போல்ட், 950 கிராம் போல்ட் என்று இரண்டு செய்தார்கள். கனமான போல்ட்டைப் போட்டால் சுடும் வேகம் இறங்கும்.

நான்காவது வழி, துள்ளும் ஆற்றலையே தின்றுவிடுவது. இந்த வாரம் மற்றவற்றைவிட அதிக இடம் பெறத் தகுந்தது இதுதான்.

அமெரிக்காவின் எம்-16 ரைஃபிளுக்கு யூஜின் ஸ்டோனர் வரைந்த வடிவத்தில், பின்கட்டைக்குள் போகும் குழாயில் ஒரு ஸ்பிரிங்கும் அதன் முனையில் ‘பஃபர்’ என்னும் உருளையும் உண்டு. பஃபர் எப்போதும் கேரியரின் முதுகோடு ஒட்டியே பயணம் செய்யும். 1964இல் தோட்டாவின் மருந்து குச்சி வடிவத்திலிருந்து உருண்டை வடிவத்துக்கு மாற்றப்பட்டது. சுடும் வேகம் ஏறியது. கேரியர் முன்பைவிட வேகமாக வந்து மோதியது. முன்பைவிடப் பலமாகத் துள்ளியது. வியட்நாம் காடுகளிலிருந்து துப்பாக்கி நின்றுபோகிறது என்ற புகார்கள் குவிந்தன. புகார்களுக்குக் காரணம் பல. சுத்தம் செய்யக் கருவி கொடுக்காததும், தோட்டா அமரும் அறைக்குக் குரோமியம் பூசாததும் அவற்றில் அடங்கும். 1967இல் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான நாடாளுமன்றக் குழு மருந்து மாற்றத்தின் பங்கை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது.

துள்ளலுக்கு மருந்து கண்டவர் கோல்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஃபாஸ்டர் ஸ்டர்ட்டவன்ட். பழைய பஃபரை எடுத்துவிட்டு அவர் வைத்தது பார்க்க ஒன்றுமில்லாத ஓர் அலுமினிய உருளை. கையில் எடுத்துக் குலுக்கினால் ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும். புதிதாகப் பார்ப்பவர் உள்ளே ஏதோ உடைந்து கிடக்கிறது என்றே நினைப்பார். உள்ளே இருப்பவை வரிசையாக எஃகு எடைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வட்டு. எல்லாம் சேர்ந்தாலும் உருளை நிரம்பாது. கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அந்த மிச்ச இடத்தில்தான் வித்தை இருக்கிறது.

கேரியரும் பஃபரும் முன்னே பாய்கின்றன. ஸ்பிரிங் தள்ளுவது உருளையைத்தான்; உள்ளிருக்கும் எடைகள் பின்சுவரில் ஒதுங்கியபடி கூடவே வருகின்றன. கேரியர் மோதி நின்று பின்னால் துள்ளத் தொடங்குகிறது. எடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை; அவை முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கின்றன. மிச்ச இடத்தைக் கடந்து முதல் எடை உருளையின் முன்சுவரில் மோதுகிறது. அந்த அடி, துள்ளும் கேரியரை முன்னே தள்ளுகிறது. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது என்று அடுத்தடுத்து அடி விழுகிறது. கேரியர் துள்ள முயலும் நேரம் முழுவதும் அதன் முதுகில் யாரோ தட்டிக்கொண்டே இருப்பதால் அது அமர்ந்த இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது. லாரியிலிருந்து தூக்கிப் போட்ட நெல் மூட்டை ‘தொம்’ என்று விழுந்து அசையாமல் கிடப்பதும் இதே காரணத்தால்தான்: சாக்கு நின்ற பிறகும் உள்ளே நெல்மணிகள் கீழ்நோக்கிச் சரிந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எடையாக வைத்தால் என்ன? ஒரே ஒரு பெரிய அடி விழும். அந்த அடியே புதிய துள்ளலைக் கிளப்பலாம். பலவாகப் பிரித்தால் அதே விசை நேரத்தில் பரவுகிறது. எடைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல நகராமல் தனித்தனியாக வந்து சேரவே நடுவில் ரப்பர் வட்டு. தாமதமான வரிசையில் செயல்பட்டுத் துள்ளலை எதிர்க்கும் பல எடைகள் என்ற இந்தக் கருத்துக்கு ஸ்டர்ட்டவன்டின் பெயரில் 1968இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பஃபரின் கூடுதல் எடையால் சுடும் வேகமும் இறங்கியது. ஒரே உருளை இரண்டு நோய்க்கு மருந்தானது.

குறுகிய கார்பைன்கள் வந்தபோது இடம் சுருங்கியது. சிறிய பஃபரில் மூன்று எடைகளே அடங்கும். எல்லாம் எஃகு என்றால் பஃபர் ஏறத்தாழ 85 கிராம். இடத்தைக் கூட்டாமல் எடையைக் கூட்ட டங்ஸ்டன் வந்தது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, டங்ஸ்டன் 19.3 கிராம். மூன்றில் ஒன்றை டங்ஸ்டன் ஆக்கினால் பஃபர் ஏறத்தாழ 108 கிராம் ஆகிறது. இரண்டை ஆக்கினால் 130. இந்தியச் சிறப்புப் படைகள் வைத்திருக்கும் எம்-4 கார்பைன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2019இல் இந்திய ராணுவம் 72,400 வாங்க ஒப்பந்தம் செய்த சிக் 716 ரைஃபிளிலும் கேரியரின் பின்னால் பஃபர் உண்டு.

டங்ஸ்டன் என்றதும் கீரனூர்ப் பக்கத்து வாசகருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். கீரனூரிலிருந்து திருச்சி நோக்கிப் போகும் சாலை விமான நிலையத்தை நெருங்கும் பகுதியில், நவல்பட்டுப் பக்கம், 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையோடு ஹெச்.ஏ.பி.பி. என்று ஊரார் சொல்லும் இன்னொரு தொழிற்சாலையும் இருக்கிறது. பீரங்கி வண்டியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் கலவை அம்புகள் அங்கே உருவாகின்றன. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதை உருக்கி அச்சில் வார்ப்பது நடக்கிற காரியமல்ல. அதனால் டங்ஸ்டன் பொடியோடு நிக்கல், இரும்பு போன்றவற்றின் பொடியைக் கலந்து அழுத்தி, உலையில் சூடாக்குகிறார்கள். உருகும் நிக்கலும் இரும்பும் டங்ஸ்டன் மணிகளைப் பிணைத்துக் கெட்டிப்படுத்துகின்றன. கவசத்தைத் துளைக்கவும் துள்ளலை அடக்கவும் வேண்டியது ஒரே குணம்: சின்ன இடத்தில் பெரிய எடை. 2021 அக்டோபர் 1 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனத்தின் கீழும், ஹெச்.ஏ.பி.பி. மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழும் வந்துவிட்டன.

இந்தச் சுற்றுவட்டாரத்துக்குத் துப்பாக்கி என்பது செய்தித்தாளில் மட்டும் வரும் பொருள் அல்ல. கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டத்தில், நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று பயிற்சி நடந்தபோது தோட்டா ஒன்று ஊருக்குள் வந்து, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். போல்ட் துள்ளலோடு அதைச் சேர்த்துப் பேச இடமில்லை. ஆனால் துப்பாக்கியின் பொறிநுட்பத்தை எழுதும் எந்தக் கட்டுரையும் இந்த வட்டாரத்தில் அந்தக் குழந்தையைத் தாண்டிப் போகக் கூடாது.

துள்ளலை அடக்கும் எந்த வழியும் விலையில்லாமல் வருவதில்லை. சுத்தியைத் தாமதிக்கும் உறுப்பு, சிறு ஸ்பிரிங்கும் ஊசியுமாகப் பழுதாகக்கூடிய பாகங்களைக் கூட்டுகிறது. கவ்வும் கொக்கி தேயும். தேய்ந்தால் பிடி தளரும். எடையுள்ள பஃபர் கேரியரை மந்தமாக்கும். வாயு குறைவாக வரும் துப்பாக்கியில் மிகக் கனமான பஃபரைப் போட்டால் கேரியர் பின்முனை வரை போகாமலே திரும்பிவிடும். ரப்பர் வட்டுகள் பழசானால் இறுகிப்போகும். எனவே எந்த ரைஃபிளுக்கு எந்த வழி என்பதைத் தோட்டா, குழலின் நீளம், வாயுத்துளை, கேரியரின் எடை நான்கையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றில் சரியாக வேலை செய்த பாகத்தை இன்னொன்றில் மாட்டிப் பார்ப்பது பொறியியல் ஆகாது.

வாயுத்துளையும் சுடும் வேகக் கட்டுப்பாடும் இந்த வாரமே வருவதாகச் சொல்லப்பட்டிருந்தன. பஃபர் அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. இரண்டும் அடுத்த வாரம். அதற்கு முன் வாசகர் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று: போல்ட்டை வேகமாக ஓடவைப்பதைவிட, ஓடி வந்ததை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதே கடினமான பொறியியல்.