திருச்சபை ஆவது எது?

கிறிஸ்தவர் கூடி வழிபடும் கட்டடத்தைக் கோயில் என்பர். கூடுவோரைத் திருச்சபை என்பர். இவ்விரண்டும் ஒன்றல்ல. புதிய ஏற்பாட்டில் சபையைக் குறிக்கும் ‘எக்ளேசியா’ என்னும் கிரேக்கச் சொல், முன்னர் நகரக் குடிகளின் பொதுக்கூட்டத்தைக் குறித்தது. ஆதிக் கிறிஸ்தவர் வீடுகளிலேயே கூடினர். எனின், விசுவாசிகள் சிலர் ஓரிடத்திற் கூடினாற் போதுமா? அதுவே திருச்சபை ஆகிவிடுமா?

இவ்வினாவுக்கு விடைகள் பல. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா நகர் இஞ்ஞாசியார், ஆயரோடு ஒன்றியிருத்தலை வற்புறுத்தினார். 1530ஆம் ஆண்டில் லூதர் வழியினர் வெளியிட்ட அவுக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கை, நற்செய்தி தூய்மையாகப் போதிக்கப்படுவதையும் திருவருட்சாதனங்கள் முறைப்படி வழங்கப்படுவதையும் சபையின் அடையாளங்களாகக் கொண்டது. கொங்கிரிகேஷனல் சபையாரோ, கடவுளோடும் தம்முள்ளும் உடன்படிக்கை செய்துகொண்ட விசுவாசிகளின் கூட்டமே நிறைவான சபை என்றனர்.

இவ்விடைகளுக்கு ஓர் உரைகல் இலங்கை வரலாற்றில் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருமாருக்குப் புகலிடம் அளித்தலும் குற்றமாயிற்று. கோயில்கள் கைமாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலையான குருமாரின்றியே மக்கள் தம் விசுவாசத்தைக் காத்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் முனிவர் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அவர் கழுத்திற் கிடந்த செபமாலையே கத்தோலிக்கரை அவருக்கு இனங்காட்டிற்று. சில்லாலை அவருடைய பணிக்களமாயிற்று.

குருவற்ற அக்காலத்தில் அம்மக்கள் திருச்சபையா, அன்றி வெறும் கூட்டமா? அவசிய வேளையில் ஞானஸ்நானத்தை எவரும் வழங்கலாம் என்பது கத்தோலிக்க மரபு. ஆயின், பூசை நிறைவேற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் குருவே வேண்டும். ஆகவே அம்மக்களிடம் சில இருந்தன; சில இல்லை. இருந்ததைக் கைவிடாது காத்தனர். இல்லாததை வேண்டாம் என்று தள்ளினாரில்லை. குரு வந்ததும் தண்டனைக்கு அஞ்சாது இரவில் அவரை நாடினர். முனிவரும் ஊர்தோறும் பொதுநிலையினரைத் தலைவராக நியமித்து, தாம் இல்லாத வேளையிலும் செபமும் போதனையும் தொடர வழிசெய்தார்.

1711இல் கண்டியில் மறைந்த அவர், 2015இல் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் கண்டடைந்த மக்களோ பெயர் அறியப்படாதவர். கட்டடமின்றியும் சபை வாழும் என்பதற்கு அவர்களே சான்று. தம் கூட்டத்தோடு சபை முடிந்துவிடவில்லை என்ற உணர்வே அவர்களைத் திருச்சபையாக நிலைநிறுத்தியது.