பூக்கலைன்னா என்ன, இலையே கலர் காட்டும்! ஆரணி வீட்டு வாசலுக்கு எந்தச் செடி செட் ஆகும்?

டிசம்பர் பிறந்துவிட்டால் போனில் ஒரு வகை வீடியோ வரிசைகட்டி வரும். பனி மூடிய தோட்டம், நடுவில் மஞ்சளும் சிவப்புமாக மின்னுகிற ஒரு புதர், 'குளிர்காலத்துக்கு ஏற்ற டாப் 10 செடிகள்' என்று தலைப்பு. பார்க்க சூப்பராகத்தான் இருக்கும். ஆனால், அதில் காட்டுகிற ஹாலி, ஃபோட்டீனியா, ஹியூகெரா எல்லாம் உறைபனியைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுத்த செடிகள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்தால் முயற்சி பண்ணலாம். ஆரணியில் இருந்துகொண்டு அந்த லிஸ்ட்டைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீங்க.

காரணம் சிம்பிள். அங்கே குளிர்காலத்தில் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். அதனால் இலை உதிராத, இலையிலேயே நிறம் இருக்கிற புதர்ச்செடிக்கு அவ்வளவு மவுசு. நம்ம ஊரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வருகிற மார்கழியில் ஊரே பச்சையாக இருக்கும். வேம்பும் அரசும் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில். அதற்கடுத்து கத்திரி வெயில். அதாவது, ஆரணியில் ஒரு செடிக்குக் குளிர் ஒரு பரீட்சையே கிடையாது. மார்கழியில் வாங்கும் செடி சித்திரையிலும் உயிரோடு, அதே கலரோடு நிற்குமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிற செடிகள் இருக்கின்றன. அதில் பாதி ஏற்கெனவே உங்கள் தெருவில் இருக்கும், பெயர்தான் தெரிந்திருக்காது.

முதலில் குரோட்டன்ஸ். பாட்டி காலத்துச் செடி என்று ஒதுக்க வேண்டாம், இப்போது திரும்ப டிரெண்டில் இருக்கிறது. மொலுக்கா தீவுகள், பசிபிக் தீவுகள் பக்கத்து ஆள். வெயிலும் ஈரக்காற்றும் பழக்கம். அகன்ற இலையில் மஞ்சள் நரம்பு ஓடுகிற 'பெட்ரா', பச்சையில் மஞ்சளைத் தெளித்த மாதிரி இருக்கிற 'கோல்ட் டஸ்ட்', முறுக்கிவிட்ட இலைகளோடு வருகிற 'மம்மி' என்று நிறைய வகை. ஒரு சின்ன தகவல்: நாம் குரோட்டன்ஸ் என்று கூப்பிடும் இந்தச் செடி, தாவரவியல்படி குரோட்டன் பேரினமே இல்லை. இதன் பெயர் கோடியேயம். நிஜமான குரோட்டன் இனத்தில் வருவது சித்த மருத்துவத்தில் கடும் பேதி மருந்தாகச் சொல்லப்படுகிற நேர்வாளம்!

அடுத்து அகலிஃபா. செம்பும் சிவப்பும் கலந்த பெரிய பெரிய இலைகள். குப்பைமேனியின் நெருங்கிய சொந்தம் இது, இரண்டும் ஒரே பேரினம். குப்பைமேனி எங்கே வேண்டுமானாலும் முளைக்கிற மாதிரி இதுவும் பெரிய கவனிப்பு கேட்காது. வெட்ட வெட்ட அடர்த்தியாகத் தழையும். வேலிபோல வளர்க்க ஆரணி வெயிலுக்கு இதைவிட நல்ல சிவப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

மஞ்சள் வேண்டுமா? கோல்டன் டுராண்டா. பார்க், பெட்ரோல் பங்க் என்று எல்லா இடத்திலும் வெட்டிவிட்ட சுவர் மாதிரி நிற்குமே, அதுதான். சின்ன குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை வளரவிட்டால் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டிப் பழம் விடும். அது விஷம். தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருந்தால் பூவும் பழமும் வராது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், லச்சக்கொட்டைக் கீரை வையுங்கள். யாரும் இதை அலங்காரச் செடியாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதுதான் எனக்குப் புரியாத விஷயம். நல்ல வெயிலில் இதன் இலை எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிடும். குச்சியை ஒடித்து நட்டாலே வேர்பிடிக்கும். கொழுந்தைக் கிள்ளி அடையிலும் கூட்டிலும் போடலாம். விட்டால் மரமாகிவிடும், அதனால் இடுப்பு உயரத்தில் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கீரைக்காகக் கிள்ளினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னும் சிலவும் உண்டு. கார்டிலைன், வெள்ளை-மஞ்சள் கலந்த ஷெஃப்லரா, இலை நடுவில் ஓவியம் வரைந்த மாதிரி இருக்கிற கிராப்டோஃபில்லம் (டிசம்பர் பூ, கனகாம்பரம் குடும்பம்). இவை மூன்றுக்கும் பாதி நிழல் வேண்டும். கோலியஸ் அழகுதான், ஆனால் புதர் இல்லை. தண்டு மெத்தென்று இருக்கும், ஆறேழு மாதத்தில் தொங்கிப்போகும்.

பாயின்செட்டியா பற்றிக் கேட்பீங்க. கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பாக விற்கிறார்களே, அது பூ இல்லை, இலைதான். இரவு நீளமாகும்போது மேல் இலைகள் சிவக்கும். ராத்திரி முழுக்க தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தால், செடிக்கு இரவே வராத மாதிரிதான். பச்சையாகவே நிற்கும். ஒரு சீசன் ஆசைக்கு வாங்கலாம். வருஷம் முழுக்க கலர் வேண்டும் என்பவர்களுக்கு இது இல்லை.

திசை தெரியாமல் செடி வாங்காதீங்க

இதற்குச் செலவே இல்லை, போனில் இருக்கிற காம்பஸ் போதும். ஆரணி பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். வடக்குப் பார்த்த வாசல் என்றால் அந்த மாதங்களில் சுவரோரம் நேர் வெயில் படவே படாது. அங்கே அகலிஃபாவை வைத்தால், சரியாக நீங்கள் கலர் எதிர்பார்க்கிற நேரத்தில் அது பச்சைக்குத் திரும்பும். இலையின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி, நல்ல வெளிச்சம் இருந்தால்தான் தாராளமாக உருவாகும். வெளிச்சம் குறைந்தால் செடி உணவு தயாரிக்கவே திணறும். அதனால் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும்.

அதே வடக்கு வாசலில் ஏப்ரல் கடைசியில் நிலைமை மாறும். சூரியன் தலைக்கு மேலே வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதிவரை வடக்கே நிற்கும். மார்கழியில் நிழலாக இருந்த இடம் கத்திரியில் சூடாகிவிடும். எனவே வடக்கு வாசலுக்குத் தொட்டியில் வைத்த ஷெஃப்லரா, கிராப்டோஃபில்லம் நல்லது. கோடையில் தொட்டியை உள்ளே தள்ளிக்கொள்ளலாம். தெற்கு, கிழக்கு வாசலுக்கு குரோட்டன்ஸும் அகலிஃபாவும். மேற்குச் சுவரோரம் மட்டும் கோல்டன் டுராண்டா, லச்சக்கொட்டை தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

தறி இருக்கிற வீடா?

ஆரணி என்றால் பட்டு. புவிசார் குறியீடு வாங்கிய ஊர். டவுனிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். அந்த வீடுகளுக்குப் பொதுவான தோட்டக்கலை டிப்ஸ் அப்படியே பொருந்தாது.

குழித்தறி இருக்கிற அறையின் சுவரோரம் மண்ணில் செடி நடவே வேண்டாம். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் கோத்துக்கொண்டு வேலை நிற்பது எல்லாரும் பட்ட பாடுதான். நாமே தினமும் வெளிப்பக்கம் தண்ணீர் ஊற்றினால் அது சுவர் வழியே இன்னும் கூடும். அந்தப் பக்கம் தொட்டி மட்டும், அதுவும் அடியில் தட்டு வைத்து. ஜன்னல் இன்னொரு விஷயம். தறிமேல் விழுகிற பகல் வெளிச்சம் நூல் அறுந்ததைப் பார்ப்பதற்கும் நிறத்தைச் சரிபார்ப்பதற்கும் வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் மூன்றடிக்கு மேல் வளர்கிற எதுவும் வேண்டாம்.

தெருவில் பாவு நீட்டுகிற பகுதியாக இருந்தால், தெருப்பக்கம் முள் இருக்கிற செடியை வைத்து அக்கம்பக்கத்தாரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதீங்க. காகிதப்பூ எவ்வளவு கலராக இருந்தாலும் மாடியோடு நிறுத்துங்கள். பட்டு இழை ஒரு முள்ளில் மாட்டினால் போதும்.

சாயம் போட்ட தண்ணீரையும், பட்டு நூலின் பசை போக சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணீரையும் 'சும்மாதானே போகுது' என்று செடிக்கு ஊற்றுவதும் கூடாது. சோடா மண்ணைக் காரமாக்கும். குரோட்டன்ஸுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை வெளிறும். மஞ்சள் குரோட்டன்ஸில் இது வெளியே தெரியவும் தெரியாது, நல்ல கலர் வந்திருக்கு என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். உப்பு அதிகமான போர் தண்ணீரும் இலை நுனியைக் கருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் மார்கழி முழுக்க ஓட்டலாம்.

பால் வடிகிற செடிகள்: இங்கே மட்டும் உஷார்

கலர் இலைச் செடிகளில் நிறைய பேர் கவனிக்காமல் வாங்கிவிடுவது இரண்டு செடிகளை. ஒன்று, கருஞ்சிவப்பு இலையோடு மரம் மாதிரி வளர்கிற யூஃபோர்பியா காட்டினிஃபோலியா. கள்ளிக் குடும்பம். ஒடித்தால் வெள்ளைப் பால் கொட்டும். தோலில் பட்டால் எரிச்சல், கொப்புளம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்னொன்று, மேலே பச்சை, அடியில் ரத்தச் சிவப்பாக இருக்கிற எக்ஸ்கோகேரியா. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரத்தின் இனம்தான் இது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்னாகும் என்று கடலோர ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நெசவு என்பது கையையும் கண்ணையும் நம்பி நடக்கிற தொழில். ஒரு கண் எரிச்சலில் நான்கு நாள் தறி நின்றால் நான்கு நாள் கூலி போச்சு. அதனால் தறி இருக்கிற வீட்டில், குழந்தை இருக்கிற வீட்டில், இந்த இரண்டையும் வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 'கையுறை போட்டுக்கலாமே' என்று சொல்லலாம். காற்றில் ஒடிந்து விழுகிற கிளையைக் குழந்தை எடுக்கும்போது கையுறை இருக்காதே. ஒருவேளை பால் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரை ஒரு கால் மணி நேரம் ஊற்றிக் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

குரோட்டன்ஸிலும் பால் உண்டு. அவ்வளவு மோசமில்லை, ஆனால் சிலருக்கு அரிக்கும். துணியில் பட்டால் பழுப்புக் கறை பிடிக்கும், போகாது. செடி வெட்டிய கையோடு சேலையைத் தொடக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவி, துடைத்த பிறகுதான்.

எதை எதோடு வைக்கலாம் என்பதற்கு ஆரணிக்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? உடலுக்கு ஒரு கலர், பார்டருக்கு எதிர்க் கலர் என்று தினமும் பார்க்கிறவர்கள். அதையே மண்ணில் பண்ணினால் போதும். பின்னால் அரக்கு நிற அகலிஃபா, முன்னால் வெட்டிவிட்ட கோல்டன் டுராண்டா ஒரு வரிசை. இது மாம்பழ மஞ்சள் பார்டர் போட்ட அரக்குச் சேலையேதான். பலபேர் பண்ணுகிற தப்பு, ஐந்து தொட்டியில் ஐந்து வகை குரோட்டன்ஸ் வைப்பது. ஒவ்வொன்றும் முந்தானை மாதிரி கத்தும், உடல் எது என்றே தெரியாது. நடுவில் ஒரு பச்சை, சாதா நந்தியாவட்டை இருந்தாலும் போதும், மற்ற கலர் எடுப்பாகத் தெரியும்.

வாங்கப் போகும்போது ஒரு விஷயம். ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்து கடியம் நர்சரிகளிலிருந்து நிறைய செடிகள் நம்ம பக்கம் வருகின்றன. பச்சை வலை நிழலில் வளர்ந்து, லாரியில் பயணம் பண்ணி வந்த செடி. வந்ததும் வெயிலில் வைத்தால் இலை கருகும். இரண்டு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில், அப்புறம்தான் முழு வெயில். குரோட்டன்ஸ் இடம் மாறியதும் இலையைக் கொட்டினால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீங்க. தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் துளிர்க்கும். சில செடிகளின் வேர் கெட்டியான களிமண் உருண்டைக்குள் இருக்கும். அதை அப்படியே தொட்டிக்குள் வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் வெளிமண்ணை உதிர்த்துவிட்டு, செம்மண், மணல், தொழு உரக் கலவையில் நடுங்கள்.

மார்கழி, தையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் போதும், விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். இலைக்கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மூன்று சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். ஷெஃப்லராவிலும் டுராண்டாவிலும் திடீரென்று முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். ஆரோக்கியமாகத் தெரிகிறதே என்று விட்டால் ஒரே வருஷத்தில் செடி முழுக்கப் பச்சையாகிவிடும். பார்த்த அன்றே அடியோடு வெட்டிவிடுங்கள்.